ஆளில்லாத வீட்டுக்கு ஒரு பங்கு மிலாறு

புவனா, தினேஷ், இதை உங்கள் இருவருக்கும்தான் எழுதுகிறேன். புவனா பிரதேச சபையில் வருமானப் பிரிவுக்கு வேலைக்குப் போன முதல் வாரமே போனில் கேட்டாள்: "அப்பா, எங்க செக்ஷன்ல புதுசா நாலு பேர் இருக்கோம், நாலு பேரும் முழிக்கிறோம். உங்க அனுபவத்தச் சொல்லுங்க." வாயால் சொல்லத் தொடங்கினால் நான் வேறெங்கேயோ போய்விடுவேன் என்பது உங்கள் அம்மாவுக்கும் தெரியும். அதனால் எழுதுகிறேன். அந்த செக்ஷனில் இருக்கும் மற்ற மூன்று பிள்ளைகளும் வாசிக்கட்டும். தினேஷ், உனக்கும் வரி வேலைக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் படி. எனக்கு இன்றைக்கும் விளங்காத ஒன்று இதில் இருக்கிறது.

நான் படித்தது சாதாரண தரப் பரீட்சை வரை. கணக்குப் பாடம் இரண்டாம் முறைதான் பாஸ். சபையில் குப்பை லொறியில் நின்றேன், பிறகு பில் கொண்டுபோய்க் கொடுத்தேன், பிறகு வரி அறவிடப் போனேன், கடைசியில் பரிசோதகர் என்ற பெயரோடு ஓய்வு பெற்றேன். ஆகையால் சட்டத்தை என்னிடம் கேட்காதீர்கள். சட்டம் உங்கள் அலுமாரியில் இருக்கிறது. நான் சொல்வது நான் பார்த்த வரை.

பில்லில் சோலை வரி என்று அச்சடித்திருக்கும். ஜனங்கள் வரிப்பணம் என்பார்கள். இரண்டும் ஒன்றுதான். மதிப்பீட்டு உத்தியோகத்தர்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை வந்து, சபை எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு வீட்டையும் கடையையும் பார்த்து, இதை ஒரு வருடம் வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்கும் என்று ஒரு தொகை எழுதுவார்கள். அதற்கு வருடப் பெறுமதி என்று பெயர். அந்தத் தொகையில் இத்தனை வீதம் என்று சபை வரி வைக்கும். நான்கு காலாண்டாகக் கட்டலாம். ஜனவரியில் முழு வருடத்துக்கும் கட்டினால் தொகையில் கழிவு உண்டு. பெறுமதி கூடிப்போச்சு என்று நினைத்தால், அறிவித்தல் வந்த பிறகு கொடுத்த தவணைக்குள் ஆட்சேபணை எழுதலாம். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் பௌத்தப் பன்சலைக்கும் வரி கிடையாது. ஆள் குடியிருக்காமல் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு, விண்ணப்பித்தால், பரிசோதகர் போய்ப் பார்த்து எழுதினால், சலுகை கிடைக்கும். தோட்டத் தொழிலாளிகள் இருக்கும் வரிசை வீடுகள், அதாவது லயங்கள், நம் பதிவேட்டில் இல்லை. தோட்டம் என்பது தனி ராச்சியம்.

இவ்வளவுதான் வேலை. இதில் என்ன குழப்பம் என்று நானும் ஆரம்பத்தில் நினைத்தேன்.

எனக்கு வேலை பழக்கியவர் எங்கள் சபையில் இருந்த ஒரு முஸ்லிம் நானா. பேர் வேண்டாம். அவருடைய வாப்பாவுக்கு டவுனில் புடைவைக் கடை. இவருக்குக் கடையில் உட்கார விருப்பமில்லாமல் வரிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தவர். பூட்டிய வீடுகளைப் பார்க்க முதல்முறை என்னைக் கூட்டிப்போனபோது அவர் சொன்னது: "ஆளக் கேக்காதீங்க தம்பி. ஆளு இன்னைக்கு ஒண்ணு சொல்லும், நாளைக்கு ஒண்ணு சொல்லும். மீட்டரப் பாருங்க." கரண்ட் மீட்டர் சுற்றுகிறதா, போன பில்லுக்கும் இந்தப் பில்லுக்கும் எத்தனை யூனிட் வித்தியாசம். அதைப் பார்த்தால் வீட்டில் அடுப்பு எரிகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும் என்பார். சாவி கொடுத்தாலும் உள்ளே போகாதே, உள்ளே போனால் கதை கேட்க வேண்டிவரும் என்பார். நல்ல மனிதர். அவர் சொன்னதைப் பல வருடம் அப்படியே செய்தேன். எத்தனையோ கள்ள விண்ணப்பங்களை அந்த மீட்டர் காட்டிக்கொடுத்திருக்கிறது. வீடு காலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே வாடகைக்கு ஆள் வைத்திருந்த ஒரு கடை முதலாளி எனக்கு ஒரு வருடம் முகம் கொடுக்கவில்லை.

இனி மாரியாயி அக்காவின் கதை.

டவுன் எல்லையும் தோட்ட எல்லையும் தொடும் இடத்தில், ரோட்டோரமாகப் பதினொரு வீடுகள் ஒரு வரிசையாக இருந்தன. ஓய்வு பெற்ற தொழிலாளிகளுக்கு அந்தக் காலத்தில் தோட்டத்தை நடத்திய தொரை ஒருவர் கடிதம் கொடுத்து, கட்டிக்கொள்ளச் சொன்ன இடம். நிலம் தாளில் தோட்டத்தினுடையது. வீட்டைக் கட்டியவர்கள் இவர்கள். காணி உறுதிப் பத்திரம் யாரிடமும் இல்லை. ஆனால் சபை எல்லைப் பலகை அந்த வரிசைக்கு அப்பால் இருந்ததால், பதினொரு வீட்டுக்கும் நம் பதிவேட்டில் இலக்கம் உண்டு, பேர் உண்டு, பில் உண்டு. மூலையில் இருந்த கடைசி வீடு மாரியாயி அக்காவுடையது. புருசன் செத்த பிறகு அவர் கொழும்பில் ஒரு வீட்டில் சமையலுக்கு இருந்தார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தோட்டத்துத் திருவிழாவுக்கும் வருவார். மற்ற நாளெல்லாம் வீடு பூட்டு.

அவரும் நானும் ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள். நான் முதல்முறை பில் கொண்டுபோனபோது வாசலில் நின்று சிரித்தார். "வேலைக்குப் பேரு கூப்புடுற பெரட்டுக் களத்துல மூக்கொழுகிட்டு நின்ன பய, இப்ப நம்மகிட்டயே வரி வாங்க வந்துட்டான் பாரு" என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார். ஆனால் பில்லை இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணாடி போட்ட சாமி படத்துக்குப் பின்னால் பழைய பில்லையெல்லாம் வரிசையாகச் செருகி வைத்திருந்தார். லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்த மனுசிக்கு, ஒரு வீட்டு இலக்கத்துக்குப் பக்கத்தில் தன் பேர் அச்சடித்து வந்தது அதுதான் முதல் தடவை. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை.

பெறுமதியைத் திருப்பி மதித்த வருடம் எல்லோருடைய பில்லும் ஏறியது. சாமான் விலையும் ஏறிக்கிடந்த நேரம். திருவிழாவுக்கு வந்த மாரியாயி அக்கா சபைக் கந்தோருக்கு வந்து வரிசையில் நின்று, என் மேசைக்கு வந்ததும் அறிவித்தலை விரித்து வைத்தார். "வாடகைக்கு விட்டா இவ்வளவு கிடைக்கும்னு போட்டிருக்கியாமே. நான் வாடகைக்கு விடவே மாட்டேனே தம்பி. அப்புறம் எதுக்கு அந்தக் கணக்கு?" என்று கேட்டார். புவனா, இந்தக் கேள்வியை உன்னிடமும் யாராவது கேட்பார்கள். அன்றைக்குப் பிறகு நான் பல நாள் பதில் தேடினேன். ஒரு வீட்டை அளக்க வேறு வழி தெரியாததால் அப்படி அளக்கிறார்கள் என்பதுதான் நான் கண்டுபிடித்த பதில். அன்றைக்கு அதுவும் தெரியாது. ஆட்சேபணைத் தவணையும் முடிந்திருந்தது.

எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, நம்மாலும் ஒரு உதவி செய்ய முடியுமே என்று. குடியிருக்காத வீட்டுக்கு ஒரு சலுகை இருக்கிறது அக்கா, நீங்கள்தான் கொழும்பில் இருக்கிறீர்களே, ஒரு விண்ணப்பம் போட்டால் பாதிச் சுமை குறையும் என்றேன்.

அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. "ஆளில்லாத வீடுன்னு எழுதணுமா?"

"பேப்பர்லதான் அக்கா."

"நான்தான் இருக்கேனே."

"இருக்கீங்க. கொழும்புல இருக்கீங்க."

அதற்கு அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. "என் பேரு இருக்கும்ல?" என்று மட்டும் கேட்டார். பேர் இருக்கும் என்றேன். கையெழுத்து வைத்தார். எழுத்துக் கூட்டி, நிதானமாக, "மா" வில் தொடங்கி முடிக்கிற வரை நான் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கொழும்புக்குப் போய் இரண்டு மாதத்துக்குப் பிறகு நான் பரிசோதனைக்குப் போனேன். பக்கத்து வீட்டு ரெங்கசாமி, தோட்டத்தில் கவ்வாத்து வெட்டும் ஆள், என்னைக் கண்டதும் வெளியே வந்தார். அக்கா இல்லை, சாவி தன்னிடம் இருக்கிறது, திறக்கவா என்று கேட்டார். நானாவின் சொல் ஞாபகம் வந்தது. வேண்டாம் என்றேன். முன்கதவில் பூட்டு. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், பாய் சுருட்டி வைத்திருந்தது. மீட்டர் பக்கச் சுவரில் இருந்தது. அந்தப் பக்கம் போக, சுவரோரம் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த மிலாற்றைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது.

டவுனில் வளர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். தேயிலை மலையைச் சில வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவார்கள். செடியின் மேல்கிளையெல்லாம் கீழே விழும். அந்தக் குச்சிதான் மிலாறு. தோட்டத்து அடுப்பெல்லாம் அதில்தான் எரியும். காய்ந்தால் நன்றாக எரியும், ஆனால் ஆளைக் கிழிக்கும். என் சட்டைக் கையையும் ஒரு குச்சி பிடித்து இழுத்துக் கிழித்தது. உங்கள் அம்மா அதைத் தைத்துக்கொண்டே, மீட்டர் பார்க்கப் போன ஆள் காட்டுக்குப் போன மாதிரி வந்திருக்கிறார் என்று சொன்னது புவனாவுக்கு ஞாபகம் இருக்கலாம்.

மீட்டர் நின்றுகொண்டிருந்தது. நான் போனில் இரண்டு படம் எடுத்தேன். ஒன்று பூட்டு, ஒன்று மீட்டர். "குடியிருப்பாளர் இல்லை. மின்பாவனை இல்லை. வீடு பூட்டிய நிலையில் உள்ளது" என்று படிவத்தில் எழுதினேன். மூன்றும் உண்மை. மிலாற்றுக்குப் படிவத்தில் இடமில்லை. சலுகை கிடைத்தது. பதிவேட்டில் மாரியாயி அக்காவின் பேருக்குப் பக்கத்தில் "குடியிருப்பற்றது" என்று ஊதா மையில் ஒரு முத்திரை விழுந்தது. நிலம் தோட்டத்தின் பேரில் இருப்பதால் கடிதத்தின் பிரதி ஒன்று தோட்டத்துக் கந்தோருக்கும் போக வேண்டும் என்றார்கள். தபாலில் போட்டதும் நான்தான்.

அடுத்த வருடம் பிரதேச செயலகத்திலிருந்து ஒரு நல்ல செய்தி வந்தது. அந்தப் பதினொரு வீட்டுக்காரர்களுக்கும் காணி உரிமை கொடுக்கப் பேர் எடுக்கிறார்கள். தொடர்ந்து குடியிருப்பவர்களுக்கு மட்டும். பத்து வீட்டைப் பற்றித் தோட்டம் எதுவும் சொல்லவில்லை. மூலை வீட்டுக்கு மட்டும் ஆட்சேபணை. தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி அந்த மூலையில் ஒரே வெட்டில் திரும்ப முடியாமல் முன்னும் பின்னுமாக இழுபட்டுக்கொண்டிருந்தது. அந்த வீடு இல்லையென்றால் திரும்பும். அவர்கள் வைத்த ஆதாரம் ஒரே ஒரு கடிதம். என் கையெழுத்துள்ள கடிதம்.

விசாரணைக்கு என்னைச் சாட்சிக்கு அழைத்தார்கள்.

பிள்ளைகளே, அந்தக் கிழமை நான் எப்படியிருந்தேன் என்று உங்கள் இருவருக்கும் தெரியாது. கோபமாக இருக்கிறேன் என்று நினைத்து ஒதுங்கிப் போனீர்கள். கோபமில்லை. விளங்கவில்லை, அவ்வளவுதான். சபையில் மேலே இருந்தவர் என்னைக் கூப்பிட்டு, எழுதியதை எழுதியபடி சொல்லிவிட்டு வா என்றார். அது பொய்யென்று சொன்னால் பொய் அறிக்கை எழுதியவன் ஆவாய், ஓய்வூதியத்துக்கு எத்தனை மாதம் இருக்கிறது என்று நினைத்துப் பார் என்றார். அவர் மிரட்டவில்லை. உள்ளதைச் சொன்னார். நானும் யோசித்துப் பார்த்தேன். அறிக்கை பொய்யில்லை. அது பொய்யில்லையென்றால் அக்காவுக்கு வீடு இல்லை. அது பொய்யென்றால் எனக்கு வேலை இல்லை, அக்காவும் ஏமாற்றிச் சலுகை வாங்கியவர் ஆவார். எந்தப் பக்கம் போனாலும் அந்த மனுசிக்கு அடி. அந்த விண்ணப்பத்தை எடுத்து நீட்டியவன் நான்.

நானாவிடம் போய்க் கேட்டேன். ஓய்வு பெற்று மகனுடைய கடையில் உட்கார்ந்திருந்தார். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "மீட்டர் நின்னுச்சுதானே?" என்றார். நின்றது என்றேன். "அப்ப எனக்குத் தெரியாது தம்பி" என்று சொல்லிவிட்டு, ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். அவரிடம் இருந்தது அவ்வளவுதான் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

விசாரணை நாள் காலையில் மாரியாயி அக்கா செயலகத்து நீட்டு மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். கொழும்பிலிருந்து லீவு போட்டு வந்திருந்தார். மடியில் ஒரு பை. பைக்குள் சாமி படத்துக்குப் பின்னால் இருந்த அத்தனை பில்லும். என்னைக் கண்டதும் ஒதுங்கி இடம் விட்டார். திட்டுவார் என்று இருந்தேன். மீன் வைத்த ஒரு மாலு பணிஸை எடுத்து, பாதியாகப் பிய்த்து எனக்கு நீட்டினார்.

"சாப்புடு. மூஞ்சி செத்துக் கெடக்கு." கொஞ்சம் கழித்து, "ஒண்ணு கேக்குறேன் தம்பி. ஆளே இல்லன்னு எழுதிட்டியே, அப்ப இவ்வளவு நாளா அந்த வீட்டுக்கு வந்து போனது யாரு, பேயா?" என்றார். வாங்கில் இருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று, பையின் வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார்.

காணி உத்தியோகத்தர் ஒரு சிங்களப் பெண்பிள்ளை. புவனா வயதுதான் இருக்கும். தமிழ் கொஞ்சம் வரும், ஆனால் விசாரணை சிங்களத்தில். தோட்டத்துத் தரப்பில் ஒரு கண்டாக்கு வந்திருந்தார். கண்டாக்கு என்றால் மலையில் வேலையைப் பார்க்கும் உத்தியோகத்தர், நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கையில் தொப்பியை வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். தொரை அனுப்பியதால் வந்தவர், அவருக்கும் இதில் ஆசையொன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

உத்தியோகத்தர் என் கடிதத்தைத் தூக்கிக் காட்டி, இது நீங்கள் எழுதியதா என்று கேட்டார். ஆம் என்றேன். நீங்கள் போனபோது அந்த வீட்டில் யாராவது குடியிருந்தார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். மாரியாயி அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. நான் பார்க்கவில்லை. அப்படியென்றால் அது கைவிடப்பட்ட வீடுதானே என்று உத்தியோகத்தர் கேட்டார்.

அதற்கும் இல்லை என்றேன்.

அந்தப் பிள்ளை பேனாவைக் கீழே வைத்தது. ஆளும் இல்லை, கைவிடவும் இல்லை, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் ஐயா, நான் ஒரு வரிதான் எழுத முடியும் என்றது. மரியாதையாகத்தான் கேட்டது. எனக்குச் சிங்களத்தில் பில் கொடுக்கத் தெரியும், பாக்கி கேட்கத் தெரியும். இதைச் சொல்லத் தெரியவில்லை. தமிழில் கேட்டிருந்தாலும் தெரிந்திருக்காது. அந்த நேரத்தில் வேறு எதுவும் தோன்றாமல், அறிக்கையோடு இருக்கும் படத்தைப் பாருங்கள் என்றேன். எதற்காகச் சொன்னேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் தெரியாது. பேச்சை நீட்டத்தான் சொல்லியிருப்பேன்.

கோப்பிலிருந்து படத்தை எடுத்தார்கள். மீட்டர் படம். மீட்டருக்கு இந்தப் பக்கம், படத்தின் பாதியை அடைத்துக்கொண்டு, குச்சி குச்சியாக ஏதோ நின்றது. இது என்ன வேலியா என்று உத்தியோகத்தர் கேட்டார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சட்டைக் கை ஞாபகம் வந்தது. மிலாறு என்றேன். அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை. கண்டாக்கு உதவிக்கு வந்தார், விறகு, தேயிலை விறகு என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே படத்தை வாங்கிப் பார்த்தார். மலைக்காரன் கண் சும்மா இருக்காது. "இது நம்ம ஏழாம் நம்பர் மலை மிலாறு" என்றார் தமிழில், என்னிடம். "பட்டை இன்னும் காயல பாருங்க. இந்தப் படம் எடுத்த அதே மாசந்தான் ஏழாம் நம்பர் வெட்டுனோம்."

அந்த மாதம் அக்கா எங்கே இருந்தார் என்று உத்தியோகத்தர் கேட்டார். கொழும்பில் என்றார் அக்கா. அப்படியென்றால் இந்த விறகைக் கொண்டுவந்து அடுக்கியது யார் என்று அந்தப் பிள்ளை கண்டாக்கைக் கேட்டது. வெளியாள் தோட்டத்து விறகை எடுக்கலாமா என்ற நினைப்பில் கேட்டிருக்கும்.

கண்டாக்கு சாதாரணமாகப் பதில் சொன்னார். யாரும் எடுக்கிறதில்லை, கவ்வாத்து முடிந்தால் பங்கு பிரிப்போம், லயத்துக்கும் ரோட்டோர வரிசைக்கும் வீட்டுக்கு வீடு பங்கு உண்டு, கங்காணி பேர் கூப்பிடுவார், வீட்டில் ஆள் வெளியூர் போயிருந்தால் பக்கத்து வீட்டுக்காரன் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் சுவரில் அடுக்குவான், அதுதான் வழக்கம் என்றார். எல்லா வீட்டுக்குமா என்று அந்தப் பிள்ளை கேட்டது.

"குடி இல்லாத வீட்டுக்கு..." என்று தொடங்கி, கண்டாக்கு நின்றுவிட்டார்.

அவர் தன் தொப்பியைத் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கும், சம்பளம் இருக்கும், தொரை இருப்பார். நான் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து மேசையைப் பார்த்தேன். உத்தியோகத்தர் அவசரப்படுத்தவில்லை. கண்டாக்கு மிச்சத்தைச் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: "குடி இல்லாத வீட்டுக்குப் பங்கு போடுறதில்ல, மேடம்."

அந்தப் பிள்ளை பேனாவை எடுத்து எழுதத் தொடங்கியது. ஒரு வரிதான் எழுத முடியும் என்று சொன்ன பிள்ளை, அரைப் பக்கம் எழுதியது. கண்டாக்கிடம் வாசித்துக் காட்டியது. அவர் கையெழுத்து வைத்தார். வெளியே வந்ததும் அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். மாரியாயி அக்கா அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பங்கு வந்தத ரெங்கசாமி எனக்குச் சொல்லவே இல்ல தம்பி. வந்தா எரிக்க இருக்கும்னு நெனச்சிருப்பான்" என்றார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தார்.

இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். குடியிருக்கும் வீடு என்று ஆகிவிட்டால் குடியில்லாத வீட்டுச் சலுகை எப்படி நிற்கும்? சபை என்னிடம் விளக்கம் கேட்டது. நானே என் அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். கவனமில்லாமல் நடந்துகொண்டதற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் என் கோப்பில் ஏறியது. ஓய்வூதியத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, உங்கள் அம்மா பயந்தது வீண். சலுகையில் குறைந்ததை அக்கா முழுதாகத் திருப்பிக் கட்டினார். கட்டின பிறகு, ஊதா முத்திரையைக் கோடு போட்டு வெட்டிவிட்டார்களா என்று பதிவேட்டை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார். உரிமைப் பட்டியலில் அவருடைய பேர் பதினொன்றாவதாக வந்தது. உறுதித் தாள் மற்றப் பத்துப் பேருக்கும் வரவில்லை, அவருக்கும் வரவில்லை. வருமென்கிறார்கள். கொழுந்து லொறி இன்றைக்கும் அந்த மூலையில் முன்னும் பின்னுமாக இழுபடுகிறது.

என் குழப்பம் இதுதான், தினேஷ். கோப்பில் இரண்டு தாள் இருக்கிறது. ஒன்றில் அந்த வீட்டில் ஆள் இல்லை. மற்றதில் ஆள் உண்டு. இரண்டிலும் என் கையெழுத்து. இரண்டாவதை எழுதும்போது முதலாவது பொய்யென்று எனக்குத் தோன்றவில்லை. முதலாவதை எழுதும்போதும் மனம் குத்தவில்லை. கொழும்பில் இருந்துகொண்டு இங்கே குடியிருக்க முடியுமா? நம் ஆட்களில் பாதிப் பேர் அப்படித்தானே இருக்கிறார்கள். கொழும்பில் இருக்கும் இடத்தைக் கேட்டால் வேலை செய்யும் இடம் என்பார்கள், வீடு என்று சொல்ல மாட்டார்கள். அப்படியென்றால் அவர்கள் வீடு எங்கே? இதை எந்தப் படிவத்தில் நிரப்புவது? எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி உங்களுக்கு எழுத விருப்பமில்லை.

புவனா, உனக்கும் உன் கூட்டாளிகளுக்கும் ஒன்று மட்டும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். சலுகை கொடுங்கள். இருக்கிற சலுகையை ஜனங்களுக்குத் தெரியாமல் மறைத்து வைக்காதீர்கள், அது வேறு பாவம். ஆனால் கையெழுத்து வாங்குமுன், அந்தச் சலுகைக்கு என்ன பேர் வைத்திருக்கிறார்கள் என்பதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். பின்னால் வரிசை நீண்டிருந்தாலும் வாசியுங்கள். "நான்தான் இருக்கேனே" என்று யாராவது சொன்னால், சிரிக்காதீர்கள். பேனாவை வாங்கி வைத்துவிட்டு, என்ன அர்த்தத்தில் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு நடந்ததை உங்கள் அம்மாவிடமும் சொல்லவில்லை. ரெங்கசாமிக்கு முதுகில் ஆபரேஷன் செய்து, பாரம் தூக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அந்த வருடம் மூன்றாம் நம்பர் மலை கவ்வாத்து. ஒரு காலையில் ஹட்டனுக்கு மருந்தெடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பஸ்ஸை விட்டு வழியிலேயே இறங்கினேன். பங்கு பிரித்து முடிந்திருந்தது. மலையடிவாரத்தில், எடுக்க ஆள் இல்லாமல் ஒரு பங்கு மட்டும் கிடந்தது. மூலை வீட்டுப் பங்கு என்று கங்காணி கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

கயிறு கொண்டுபோயிருந்தேன். ஒரே தடவையில் தூக்க முடியவில்லை, ஐந்து கட்டாகக் கட்டி ஐந்து நடை நடந்தேன். சுவரோரம் தடித்ததைக் கீழேயும் மெல்லியதை மேலேயும் வைத்து, சரியாமல் இருக்கக் குறுக்கே இரண்டு குச்சி கொடுத்து அடுக்கினேன். சட்டை இரண்டு இடத்தில் கிழிந்தது. ரோட்டில் யாரும் வரவில்லை. திரும்பும்போது பழக்கதோஷத்தில் கண் மீட்டருக்குப் போனது. நின்றுகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, அடுத்த பஸ்ஸுக்கு நடந்தேன்.